யாபேஸ் கீலேயாத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தில் 1 சாமுவேல் புத்தகத்தை யாரோடு உட்கார்ந்து வாசித்தாலும், பெண்கள் ஐக்கியமோ வாலிபர் வேதபாடமோ, 11ஆம் அதிகாரத்திலும் 31ஆம் அதிகாரத்திலும் வாசிப்பு நின்றுவிடும். இரண்டு இடத்திலும் அதே ஊர், யாபேஸ் கீலேயாத். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முன்னே சொன்னதைப் பின்னே திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாக வாசிப்பது நல்லது. பெயர்கள் நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

"யாபேஸ்னா ஜெபம் பண்ணினவர்தானே அக்கா? அவர் பேர்ல ஊர் வேற இருக்கா?"

அவர் வேறு, இந்த ஊர் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து விழுந்துவிட்டதால் வரும் குழப்பம் இது. எபிரெயத்தில் எழுத்தே வேறு. தன் எல்லையைப் பெரிதாக்கும்படி வேண்டிக்கொண்ட யாபேஸ், 1 நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில் யூதாவின் வம்சவரலாற்றுக்கு நடுவே வருகிறவர். போதாததற்கு 1 நாளாகமம் 2:55இல் கணக்கர்கள் குடியிருந்த இன்னொரு யாபேசும் உண்டு.

நாம் பேசுவது யோர்தானுக்குக் கிழக்கே, கீலேயாத் மலைநாட்டில் இருந்த ஊரைப் பற்றி. வேதம் பெரும்பாலும் "கீலேயாத்திலுள்ள யாபேஸ்" என்று சேர்த்தே சொல்லும். சுவர் காலண்டரில் இடம்பிடித்த யாபேசை எல்லாருக்கும் தெரியும். இந்த யாபேசைத் தேடித்தான் போக வேண்டும்.

"எந்தெந்த அதிகாரத்துல வருது? மொத்தமா சொல்லுங்க சிஸ்டர்."

நியாயாதிபதிகள் 21, 1 சாமுவேல் 11, 1 சாமுவேல் 31:11-13, 2 சாமுவேல் 2:4-7, 2 சாமுவேல் 21:12-14. 1 நாளாகமம் 10:11-12 அந்த 31ஆம் அதிகாரச் சம்பவத்தையே சுருக்கிச் சொல்கிறது. அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். ஒரே மூச்சில் வாசியுங்கள். தனித்தனியாக வாசித்தால் ஐந்து துண்டுச் செய்தி மாதிரிதான் இருக்கும்.

"அந்த இடம் இப்ப எங்க இருக்கு? டூர்ல காட்டுவாங்களா?"

இன்றைய ஜோர்தான் நாட்டின் வடமேற்கில் வாதி யாபிஸ் என்றொரு ஓடை மலையிலிருந்து இறங்கி யோர்தான் ஆற்றில் கலக்கிறது. ஊரின் பெயர் அந்த ஓடையின் பெயரில் ஒட்டிக்கொண்டு இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது. அரசாங்கம் இப்போது அதற்கு வாதி ரையான் என்று பெயர் மாற்றியிருக்கிறது. ஊர் எந்த மேட்டில் இருந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஓடை பள்ளத்தாக்கில் இறங்கும் இடத்துக்கு அருகே இருக்கும் தெல் அபூ அல்-கராஸ் என்கிறார்கள் சிலர். இன்னும் உள்ளே மலைப்பக்கம் இருக்கும் தெல் அல்-மக்லூப் என்கிறார்கள் வேறு சிலர். நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிய குறிப்பு, பெல்லாவிலிருந்து கெரசாவுக்குப் போகும் மலைப்பாதையில் ஆறாவது மைலில் இருப்பதாகச் சொல்கிறது. அது இரண்டாவது கட்சிக்குத்தான் சாதகம்.

டூர் பஸ் அங்கே நிற்பதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கதையின் மறுமுனையான, இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் உடல் தொங்கவிடப்பட்ட பெத்சானைப் பார்க்கலாம். அது ஆற்றுக்கு மேற்கே, இஸ்ரேலில், தேசியப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது. கீழே ரோமர் காலத்துத் தூண்கள், பின்னால் உயரமான ஒரு மண்மேடு. சவுலின் காலத்துப் பட்டணம் அந்த மேட்டின் மேல். 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கியபோது எகிப்திய மன்னர்கள் நிறுத்திய கல்வெட்டுகள் கிடைத்தன. சவுலுக்கு முன்பே வல்லரசுகள் போட்டிபோட்ட இடம் அது. மேலே ஏறி நின்றால் கிழக்கே கீலேயாத் மலைகள் தெரியும்.

"நியாயாதிபதிகள் 21 வாசிச்சேன். அந்த ஊர்ல எல்லாரையும் வெட்டச் சொன்னது கர்த்தரா?"

அப்படி வசனத்தில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். பென்யமீன் நாட்டுக் கிபியாவில் ஒரு லேவியனின் மறுமனையாட்டியை இரவெல்லாம் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். லேவியன் அவளுடைய சடலத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேல் எங்கும் அனுப்பினான். மிஸ்பாவில் கூடிய ஜனங்கள் பென்யமீனோடு யுத்தம் செய்து, கடைசியில் அறுநூறு ஆண்கள் மட்டும் மிஞ்சும்படி அந்தக் கோத்திரத்தையே அழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அழுகை: "ஐயோ, ஒரு கோத்திரம் குறைகிறதே!" ஆனால் தங்கள் பெண்களைப் பென்யமீனுக்குக் கொடுப்பதில்லை என்று ஏற்கனவே ஆணையிட்டாயிற்று. மிஸ்பாவுக்கு வராதவர்களைக் கொல்வோம் என்றும் இன்னொரு ஆணை இருந்தது. கணக்குப் பார்த்தால் யாபேசிலிருந்து ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டாயிரம் பேரை அனுப்பினார்கள். புருஷனை அறியாத நானூறு பெண்களைத் தவிர, பிள்ளைகள் உட்பட ஊரையே வெட்டினார்கள். அந்த நானூறு பேரையும் அந்த அறுநூறு ஆண்களுக்குக் கொடுத்தார்கள்.

யுத்தத்துக்குப் போகுமுன் கர்த்தரிடத்தில் விசாரித்தார்கள் என்று 20ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்தப் படுகொலைக்கு முன்னால் யாரும் விசாரிக்கவில்லை. தாங்கள் போட்ட ஆணையைக் காப்பாற்ற இன்னொரு ஆணையைப் பிடித்துக்கொண்டார்கள். அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தான் என்று அந்தப் புத்தகம் முடிகிற வசனம், இந்த அதிகாரத்தின் மேல் வைக்கப்பட்ட தீர்ப்பு. நம் சபைகளில் பொருத்தனை பண்ணுவதைப் பற்றி நிறையப் பிரசங்கம் உண்டு. பொருத்தனையை மனிதர் பக்தியோடு எவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இந்த அதிகாரத்தையும் ஒருநாள் வாசிக்க வேண்டும். அந்த நானூறு பெண்களில் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியாது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாகவும் இல்லை.

"யாபேஸ்காரங்க ஏன் மிஸ்பாவுக்கு வரல?"

வேதம் காரணம் சொல்லவில்லை. பென்யமீனும் யோசேப்பும் ராகேலின் பிள்ளைகள், கீலேயாத்தில் குடியிருந்த மனாசே வம்சம் யோசேப்பின் வழி, எனவே உறவுக்காரர்மேல் கைவைக்க மனமில்லாமல் ஒதுங்கினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நடந்திருக்கலாம். பயந்தோ அலட்சியமாகவோ இருந்திருக்கவும் கூடும். இதை வைத்து "சபை கூடிவருதலை விட்டுவிட்டால் அழிவு" என்று பிரசங்கம் பண்ணக் கேட்டிருக்கிறேன். படுகொலை செய்தவர்களின் பக்கம் நின்று பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஊரையே அழிச்சாச்சுன்னா, சவுல் காலத்துல மறுபடியும் ஊர் எப்படி வந்துச்சு?"

நல்ல கேள்வி. நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசியில் இருந்தாலும் இந்தச் சம்பவம் அந்தக் காலகட்டத்தின் தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டும். 20:28இல் ஆரோனின் பேரன் பினெகாஸ் ஆசாரியனாக நிற்கிறான் என்பதுதான் துப்பு. அதிலிருந்து சவுலின் காலம்வரை எத்தனையோ தலைமுறை உண்டு. தண்ணீரும் விளைநிலமும் உள்ள ஊர் சும்மா கிடக்காது. தப்பியவர்களோ அக்கம்பக்கத்து மனாசே குடும்பங்களோ திரும்பக் குடியேறியிருப்பார்கள்.

இதிலேயே இன்னொன்றும் கேட்பார்கள்: அப்படியானால் சவுலுக்கு யாபேஸ் பாட்டி வீடா? சவுல் பென்யமீனன், ஊர் கிபியா. அந்தக் கோத்திரமே அறுநூறு ஆண்களிலிருந்து திரும்பத் தழைத்தது. அவர்களில் நானூறு பேரின் மனைவிமார் யாபேஸ் பெண்கள், மற்றவர்களுக்குச் சீலோவில் நடனமாட வந்த பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனவே சவுலின் உடம்பில் யாபேஸ் இரத்தம் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வேதம் அதை எங்கும் சொல்லவில்லை. பிரசங்கத்தில் சொன்னால் "இருக்கலாம்" என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

"நாகாஸ் ஏன் வலது கண்ணைத்தான் கேட்டான்?"

நாகாஸ் அம்மோனியரின் ராஜா. யாபேசை முற்றுகையிட்டு, ஊராரின் வலக்கண்ணைப் பிடுங்கினால்தான் உடன்படிக்கை என்றான். 1 சாமுவேல் 11:2இல் காரணத்தை அவனே சொல்கிறான்: இஸ்ரவேல் முழுவதையும் நிந்திக்க. அவமானம்தான் நோக்கம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இன்னொரு காரணமும் கொடுக்கிறார். இடக்கண்ணைக் கேடயம் மறைத்துக்கொள்ளும், வலக்கண்ணும் போனால் போர்க்களத்தில் உதவமாட்டான். உயிர் இருக்கும், வேலை செய்வான், வரி கட்டுவான், எதிர்த்து நிற்க மட்டும் முடியாது.

சவக்கடல் சுருள்களில், கும்ரானின் நாலாம் குகையிலிருந்து கிடைத்த சாமுவேல் பிரதியில், இந்த அதிகாரத்துக்கு முன்னால் நம் வேதாகமத்தில் இல்லாத ஒரு பத்தி இருக்கிறது. நாகாஸ் ஏற்கனவே காத், ரூபன் கோத்திரத்தாரை ஒடுக்கி வலக்கண்களைப் பிடுங்கினான், தப்பிய ஏழாயிரம் பேர் யாபேசுக்குள் ஓடி ஒளிந்தார்கள் என்கிறது அது. அதுவே மூலப் பாடமா, பிறகு சேர்ந்ததா என்பது அறிஞர்களின் வாதம். மூலம் என்றே வைத்துக்கொண்டால் கதை இன்னும் கூர்மையாகிறது: அகதிகளுக்குக் கதவு திறந்ததற்காகத்தான் அந்த ஊர் முற்றுகைக்குள் சிக்கியது.

"விசுவாசமா நிக்காம முதல்லயே நாகாசோட உடன்படிக்கைக்குப் போனது தப்பில்லையா?"

கோட்டைக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களை வெளியிலிருந்து நியாயந்தீர்ப்பது சுலபம். அவர்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு இஸ்ரவேலர் இந்த ஊருக்குச் செய்ததை நினைத்தால், "நம்மவர்கள் வந்து காப்பாற்றுவார்கள்" என்று நம்ப அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. அப்படியிருந்தும் ஏழு நாள் தவணை வாங்கி, அதே இஸ்ரவேலிடம்தான் ஆள் அனுப்பினார்கள். ஆட்கள் போய்ச் சேர்ந்த ஊர் கிபியா. எந்த ஊரின் பாவத்தால் யாபேசுக்கு அழிவு வந்ததோ அதே ஊர்.

நாகாஸ் தவணை கொடுத்தது இரக்கத்தால் இல்லை, யாரும் வரமாட்டார்கள் என்ற இறுமாப்பில்தான். கிபியாவில் ஜனங்களும் முதலில் அழத்தான் செய்தார்கள். அழுகைச் சத்தத்தைக் கேட்டு மாடுகளின் பின்னால் வயலிலிருந்து வந்த சவுல் ஓர் ஏர் மாட்டைத் துண்டித்து எல்லைகளெங்கும் அனுப்பினான். முன்பு கிபியாவில் கொலையுண்ட பெண்ணின் சடலத்துண்டுகள் போன அதே இஸ்ரவேலுக்கு இப்போது மாட்டுத் துண்டுகள் போகின்றன. அன்று யாபேசை அழிப்பதில் முடிந்தது, இன்று யாபேசைக் காப்பாற்ற.

"'நாளைக்கு உங்களிடத்தில் வருவோம்'னு நாகாசிடம் சொன்னாங்களே, அது பொய்தானே?"

சரணடைவது போல ஒலிக்கும் வார்த்தை, உண்மையில் தாக்குதலைக் குறிக்கும் வார்த்தை. யுத்ததந்திரம். வேதம் அதைப் புகழவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. ஊர் முழுக்கக் கண்ணைப் பிடுங்க வந்தவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

"நாளைக்கு வெயில் ஏறும்போது இரட்சிப்புன்னு சொன்ன வசனத்தை வாக்குத்தத்தமா எடுத்துக்கலாமா சிஸ்டர்?"

1 சாமுவேல் 11:9ஐச் சொல்கிறீர்கள். அது ஒரு படை, ஓர் ஊருக்கு, ஒரு குறிப்பிட்ட காலைப்பொழுதைப் பற்றி அனுப்பிய செய்தி. உங்கள் விசா, கடன், ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவற்றுக்குத் தேதி குறித்துக் கொடுத்த வசனம் அல்ல. நாளை வெயில் ஏறியும் நடக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்வீர்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

"சவுல் நல்லவனா கெட்டவனா? ஒரு முடிவுக்கே வர முடியல அக்கா."

வர வேண்டாம், வேதமும் வரவில்லை. ஆனால் 11ஆம் அதிகாரம் அவன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள். பேசேக்கில் ஜனத்தைத் தொகையிட்டான்: இஸ்ரவேலர் மூன்று லட்சம், யூதா முப்பதாயிரம். மூன்று படையாகப் பிரித்து, கிழக்கு வெளுக்கும் ஜாமத்தில் பாளயத்துக்குள் புகுந்தான். வெயில் ஏறுவதற்குள் அம்மோனியரில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாமல் சிதறினார்கள். வெற்றியின் சூட்டில் ஜனங்கள், "சவுல் நமக்கு ராஜாவா என்று ஏளனம் பண்ணினவர்களைக் கொண்டுவாருங்கள், கொன்றுபோடுகிறோம்" என்றார்கள். இன்றைக்கு ஒருவனும் கொல்லப்படக் கூடாது, மீட்பைக் கொடுத்தது கர்த்தர் என்று தடுத்தவன் சவுல்.

யாபேஸ் ஊரார் நேரில் பார்த்த சவுல் இவன்தான். தாவீதின்மேல் ஈட்டியை எறிந்தவனையும், நோபு ஊர் ஆசாரியர்களைக் கொல்வித்தவனையும், எந்தோரில் குறிகேட்டவனையும் மற்றவர்கள் பார்த்தார்கள். ஒரு மனிதனின் கதையை வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு விதமாக நினைவு வைத்திருக்கும். எல்லா நினைவும் உண்மையாகவே இருக்கலாம்.

"31ஆம் அதிகாரத்துல மூணே வசனம். அதுல அப்படி என்ன பெரிய விஷயம்?"

அந்த மூன்று வசனத்துக்காகத்தான் இந்தத் தொகுப்பே. கில்போவா மலையில் பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் சவுலும் யோனத்தான், அபினதாப், மல்கிசூவா என்ற மூன்று மகன்களும் செத்தார்கள். பெலிஸ்தர் சவுலின் தலையை வெட்டி, ஆயுதங்களை அஸ்தரோத்தின் கோவிலில் வைத்து, உடலைப் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டார்கள். 7ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்: பள்ளத்தாக்குக்கு அப்பாலும் யோர்தானுக்கு அக்கரையிலும் இருந்த இஸ்ரவேலர் ஊர்களை விட்டே ஓடினார்கள், பெலிஸ்தர் வந்து குடியேறினார்கள். சுற்றுவட்டாரமே காலியாகிற நேரத்தில் யாபேசின் பலசாலிகள் எதிர்த்திசையில், பெலிஸ்தரின் கோட்டையை நோக்கி நடந்தார்கள்.

தூரம் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் இருக்கும். கீலேயாத் சரிவில் இறங்கி, இருட்டில் யோர்தானைக் கடந்து, மறுகரையில் பெத்சான் மேட்டை அடைந்து, காவல் இருக்கும் மதிலிலிருந்து நான்கு உடல்களை இறக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்குத் தலையில்லை. வெயிலில் தொங்கியவை. பிறகு அத்தனையையும் சுமந்துகொண்டு அதே ஆற்றைக் கடந்து மேடேற வேண்டும். கையில் ஒரு பிணத்தோடு ஒருவனும் ஓட முடியாது. பின்தொடர்ந்து வந்தால் மாட்டிக்கொள்வார்கள். 2 சாமுவேல் 21:12 இதைத் "திருடினார்கள்" என்றே சொல்கிறது.

காலத்தையும் பாருங்கள். சவுல் நாற்பது வருஷம் ஆண்டதாக அப்போஸ்தலர் 13:21 சொல்கிறது. அவன் யாபேசை மீட்டது ஆட்சியின் தொடக்கத்தில். அப்படியானால் அன்று கண்ணிழக்க இருந்தவர்கள் இப்போது கிழவர்கள், இரவெல்லாம் நடந்த பலசாலிகளில் பெரும்பாலானோர் அந்த முற்றுகையின்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். யாரோ அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். செத்த ராஜாவிடமிருந்து இனிப் பதவி வராது, பரிசு வராது, அவன் வம்சமும் சரிந்துவிட்டது. தாத்தா வாங்கின கடனைப் பேரன் கட்டினான், அதுவும் கடன் கொடுத்தவன் செத்த பிறகு. ஞாயிறு பள்ளியில் கோலியாத்தை வருஷாவருஷம் சொல்கிறோம். இதையும் சொன்னால் என்ன?

"அவங்க எரிச்சாங்களே! அப்ப கிறிஸ்தவங்க உடலைத் தகனம் பண்ணலாமா?"

ஒவ்வொரு அடக்க ஆராதனைக்குப் பிறகும் யாராவது கேட்பார்கள். யாபேஸ் ஊரார் உடல்களை எரித்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். ஏன் எரித்தார்கள் என்று வசனம் சொல்லவில்லை. உடல்கள் அழுகியிருக்கலாம். பெலிஸ்தர் திரும்ப வந்து தோண்டி அவமானப்படுத்தாமல் இருக்கவும் செய்திருக்கலாம். இஸ்ரவேலில் அது வழக்கமில்லை. 1 நாளாகமம் 10 எரித்ததைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. தாவீதும் அவர்களைப் பாராட்டும்போது அடக்கம்பண்ணினதைத்தான் குறிப்பிடுகிறான்.

எனவே இதை வைத்துத் தகனத்துக்குக் கட்டளையும் எடுக்க முடியாது, தடையும் எடுக்க முடியாது. நெருக்கடியில் அவர்கள் செய்தது அது. கண்டித்து ஒரு வார்த்தையும் இல்லை. எரிந்த எலும்பை உயிர்த்தெழுப்ப தேவனால் ஆகாது என்று நாம் நம்பவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. மற்ற சபைகளில் உங்கள் போதகரோடும் குடும்பத்தோடும் பேசி முடிவெடுங்கள். பிணம் வீட்டில் இருக்கும்போது இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

"ஏழு நாள் உபவாசம் எதுக்கு? நாமளும் துக்கத்துக்கு இருக்கணுமா?"

இருக்க வேண்டும் என்று கட்டளை இல்லை. தாவீதும் அவன் ஆட்களும் சாயங்காலமட்டும் உபவாசித்தார்கள் (2 சாமுவேல் 1:12). யாபேஸ் ஏழு நாள். நாகாஸ் கொடுத்த தவணையும் ஏழு நாள்தான். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படிச் சேர்த்தாரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரில் யாருக்கும் அது தோன்றாமல் இருந்திருக்காது.

"கர்த்தர் தள்ளின ராஜாவுக்கு மரியாதை செய்தது கர்த்தருக்கு விரோதம் இல்லையா?"

கர்த்தர் சவுலை ராஜாவாக இராதபடி தள்ளினார் என்பது 1 சாமுவேல் 15. அவன் உடல் மதிலில் தொங்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மரத்தில் தொங்குகிறவனைக்கூட இரவுக்கு முன் புதைக்கச் சொல்வது உபாகமம் 21:23. அபிஷேகம்பண்ணப்பட்ட தாவீதே யாபேசை ஆசீர்வதித்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

"எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயா பிறகு வழிதவறிப் போயிட்டார். அவர் அடக்கத்துக்குப் போனா சபைல பேசுவாங்க. என்ன செய்ய?"

போங்கள். உங்களுக்கு நன்மை செய்த நாள் பொய்யாகிவிடவில்லை. அவர் செய்த தப்பும் பொய்யாகிவிடவில்லை. யாபேஸ் ஊரார் சவுலுக்காக வக்காலத்து வாங்கவில்லை, அவனுக்குச் சிலை வைக்கவில்லை, நோபுவில் நடந்ததை மறைக்கவில்லை. இறக்கினார்கள், புதைத்தார்கள், உபவாசித்தார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த மனிதரால் காயப்பட்டவர் உங்கள் சபையிலேயே இருந்தால், உங்கள் நன்றியை அவர்மேல் திணிக்காதீர்கள். "அவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா" என்று சாவு வீட்டில் அவரிடம் சொல்லாதீர்கள். நோபு ஊராரைப் பெத்சானுக்கு வரச்சொல்லி யாபேஸ் ஆள் அனுப்பவில்லை.

"தாவீது அவங்களைப் புகழ்ந்தது ஓட்டுக்காகத்தானேன்னு தம்பி கேட்கிறான். என்ன பதில் சொல்ல?"

தம்பி சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறான். 2 சாமுவேல் 2:5-7இல் தாவீது ஆசீர்வாதம் சொல்லி, நானும் உங்களுக்கு நன்மை செய்வேன் என்று சொல்லி, கடைசியில் யூதா என்னை ராஜாவாக அபிஷேகம்பண்ணியிருக்கிறது என்றும் சேர்க்கிறான். அதே நேரத்தில் சவுலின் படைத்தலைவன் அப்னேர், சவுலின் மகன் இஸ்போசேத்தை மக்னாயீமில் ராஜாவாக்கினான். மக்னாயீமும் கீலேயாத் பக்கம்தான். எதிரணியின் கோட்டைக்குள் தாவீது தூது அனுப்பியிருக்கிறான். அரசியல் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அரசியல் கலந்ததால் நன்றி பொய்யாகிவிடாது. சவுலை இரண்டு தடவை கையில் கிடைத்தும் கொல்லாமல் விட்டவன் தாவீது. அவன் மனதில் எத்தனை பங்கு எது என்று பிரித்துப்பார்க்க நம்மிடம் தராசு இல்லை. யாபேஸ் என்ன பதில் சொல்லி அனுப்பியது என்பதையும் வேதம் எழுதவில்லை. மூன்று வசனத்துக்கு மேல் பேசாத ஊர் அது.

"அவ்வளவு கஷ்டப்பட்டுப் புதைச்ச எலும்பைத் தாவீது ஏன் தோண்டி எடுத்தான்?"

2 சாமுவேல் 21ஐ முழுவதும் வாசியுங்கள், லேசான அதிகாரம் இல்லை. மூன்று வருஷப் பஞ்சம், கிபியோனியரைச் சவுல் கொன்ற பழி, அதற்கு ஈடாகச் சவுல் வீட்டார் ஏழு பேர் தூக்கிலிடப்படுகிறார்கள். அதில் இரண்டு பேரின் தாய் ரிஸ்பாள், கன்மலைமேல் இரட்டுத் துணியை விரித்து, அறுப்பின் தொடக்கத்திலிருந்து மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் சடலங்களை அண்டவிடாமல் காத்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீதுக்கு யாபேஸ் நினைவு வருகிறது. சவுல், யோனத்தான் இருவரின் எலும்புகளையும் அங்கிருந்து வாங்கி, பென்யமீன் நாட்டுச் சேலாவில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் வைத்தான்.

யாபேசுக்கு அது அவமரியாதை அல்ல, அவர்கள் தொடங்கியதன் நிறைவேற்றம். யாரும் வாங்கிக்கொள்ள வராத பிணத்துக்குத் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். சொந்தக்காரரின் மண்ணுக்குப் போக வழி பிறந்ததும் ஒப்படைத்தார்கள். ஆனால் ராஜாவாகிப் பல வருஷம் கழித்துத்தான் தாவீது இதைச் செய்தான், அதுவும் ஒரு தாய் பாறைமேல் உட்கார்ந்த பிறகு. இதில் தாவீதைவிட யாபேசும் ரிஸ்பாளுமே உயர்ந்து நிற்கிறார்கள் என்பது என் கருத்து. உங்களுக்கு ஒப்புதல் இல்லாவிட்டால் பரவாயில்லை.

"2 சாமுவேல் 10ல நாகாஸ் எனக்குத் தயவு செஞ்சான்னு தாவீது சொல்றானே! கண்ணைப் பிடுங்கினவனா?"

கூட்டத்தில் ஒருவராவது இதைக் கண்டுபிடித்துவிடுவார், அன்றைக்கு வகுப்பு அரைமணி நேரம் நீளும். அதே நாகாசாகவோ, அதே பெயருள்ள அடுத்த ராஜாவாகவோ இருக்கலாம். இடையில் காலம் அதிகம். அதே ஆள் என்றால், சவுலுக்குப் பகைவன், ஆகவே சவுல் துரத்திய தாவீதுக்கு உதவினான் என்று புரிந்துகொள்ளலாம். தாவீது பட்ட நன்றியும் யாபேஸ் பட்ட காயமும் ஒரே மனிதனிடமிருந்து வந்தவை என்றாகும். முன்னே சவுலைப் பற்றிச் சொன்னது இவனுக்கும் பொருந்தும், நமக்குப் பிடிக்காவிட்டாலும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி 2 சாமுவேல் 17:27க்குப் போங்கள். கலகம் செய்த தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது மக்னாயீமுக்கு ஓடிவந்தபோது மெத்தை, பாத்திரம், கோதுமை, தேன், வெண்ணெய் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர்: லோதேபாரூர் மாகீர், கீலேயாத்தியன் பர்சிலா, அம்மோனியரின் ரப்பாவிலிருந்து வந்த சோபி. சோபியின் தகப்பன் பெயர் நாகாஸ்.